காரணம் காணாமலே முடித்துவைக்கப்பட்ட ஓதப் புகார்

அனுப்புநர்: தங்கள் வாடிக்கையாளர், மஞ்சக்குப்பம், கடலூர்.
பெறுநர்: மேலாளர், வாடிக்கையாளர் சேவைப் பிரிவு.
பொருள்: வீட்டுத் தரையில் தோன்றும் ஈரத்திட்டுகளின் காரணத்தைக் கண்டறிந்து சரிசெய்து தரக் கோருதல்.

மதிப்பிற்குரிய ஐயா,

எங்கள் வீட்டுக் குளியலறைத் தரைக்கு வாட்டர்ப்ரூஃப் பூச்சு அடித்து, அங்கும் கூடத்திலும் பூசை அறையிலும் டைல்ஸ் பதித்துக் கொடுத்தது தங்கள் நிறுவனம். கடந்த ஐப்பசி முதல் கூடத்திலும் பூசை அறையிலும் தரையில் ஓதம், அதாவது ஈரக்கசிவு, காண்கிறது. துடைத்தால் மறுநாள் அதே இடத்தில் மீண்டும் வருகிறது. டைல்ஸ் இணைப்புகளில் உப்புப் பூக்கிறது. நான்கு முறை புகார் பதிந்தேன். காரணம் என்னவென்று ஒருவரும் சொல்லாமலே, நான்கு முறையும் "புகார் சரிசெய்யப்பட்டது" என்ற குறுஞ்செய்தி மட்டும் வந்து சேர்ந்தது.

மூன்றாம் முறை வந்த பணியாளரை என்னால் மறக்க முடியவில்லை. காலணியைக் கூடக் கழற்றாமல் பூசை அறை வாசலில் நின்றுகொண்டு, தரையைத் தொட்டும் பார்க்காமல், "கடற்கரை ஊரில் இருந்தால் தரை நனையத்தான் செய்யும், ஃபேனைப் போட்டுவிடுங்கள்" என்றார். எங்கள் தெருவிலுள்ள மற்ற வீடுகளும் இதே கடலூரில்தான் இருக்கின்றன. அங்கெல்லாம் தரை உலர்ந்துதான் கிடக்கிறது.

மழைக்காலத்து ஈரக்காற்று குளிர்ந்த தரையில் பட்டு வியர்க்கும் என்பதை நானும் அறிவேன். அதனால்தான் இணைப்புகளின் மேல் பாலித்தீன் தாளை விரித்து, நான்கு ஓரமும் டேப் ஒட்டி இரண்டு நாள் விட்டுவைத்தேன். தாளின் மேற்புறம் உலர்ந்திருந்தது, அடிப்புறத்தில் நீர் கோத்திருந்தது; ஈரம் காற்றிலிருந்து அல்ல, தரைக்கு அடியிலிருந்தே வருகிறது. மேல்தொட்டியின் நீர்மட்டத்தைக் குறித்துவைத்து எல்லாக் குழாய்களையும் இரவு முழுவதும் மூடிப் பார்த்தேன், மட்டம் இறங்கவில்லை; ஆகவே குழாய்க் கசிவும் இல்லை. பிறகு குளியலறையைப் பத்து நாள் பூட்டிவைத்தோம். ஓதம் வெளுத்தது. மீண்டும் புழங்கத் தொடங்கிய மூன்றாம் நாள் பழையபடி கறுத்துவிட்டது. இதற்குமேல் என்ன சான்று வேண்டும்? விட்ரிஃபைடு டைல்ஸ் அரை விழுக்காட்டுக்கு மேல் நீரை உறிஞ்சாது, ஈரம் இணைப்பு வழியாகத்தான் ஏறும் என்பதை விற்பவர்களாகிய தாங்கள் அறியாமலா, தங்கள் ஆட்கள் இணைப்புகளைச் சுரண்டி வெள்ளை சிமெண்ட் பூசிவிட்டுப் போனார்கள்?

இதற்கிடையே தங்கள் அலுவலகம் சொன்னதை நம்பி, பள்ளிக்கு விடுப்புப் போட்டுவிட்டுப் புதுச்சேரிக் கிளைக்குப் பேருந்தில் வந்தேன். பொறியாளர் இருப்பார் என்றார்கள். இரண்டரை மணி நேரம் உட்காரவைத்துவிட்டு, அவர் விழுப்புரம் போயிருப்பதாகச் சொல்லி அனுப்பினார்கள். என் மாமியாருக்கு எண்பத்திரண்டு வயது. அந்த ஈரத்தில் ஒரு நாள் கால் வழுக்கிச் சுவரைப் பிடித்து நின்றார்கள். விழுந்திருந்தால் தங்கள் நிறுவனமே ஈடு சொல்ல முடியாது. எங்கள் வாழ்நாள் சேமிப்பு அத்தனையும் இந்தத் தரையில் ஊறிப் பாழாகிவிட்டது. டைல்ஸ் பதிப்பதற்கு முன் குளியலறையில் தண்ணீர் தேக்கிச் சோதிக்கவேண்டாமா என்று எங்கள் கொத்தனார் அன்றே கேட்டார். நேரமில்லை என்று தங்கள் ஆட்கள்தாம் மறுத்தார்கள் என்பதையும் இங்கே பதிவு செய்கிறேன்.

தங்கள் நிறுவனத்தின் மீது இன்னமும் மரியாதை வைத்தே எழுதுகிறேன். பொறியாளர் ஒருவரை அனுப்பி, குளியலறை வடிகாலை அடைத்து, சாயம் கலந்த நீரை இரண்டு நாள் தேக்கிவைத்து, அது எங்கே கசிகிறது என்று கண்டறிந்து, காரணத்தை எழுத்து வடிவில் தரும்படி பணிவுடன் வேண்டுகிறேன். பூச்சில் பழுது இருந்தால் டைல்ஸைப் பெயர்த்துப் புதிதாகப் பூசித் தருவது தங்கள் செலவிலேயே நடக்கவேண்டும்.

பதினைந்து நாட்களுக்குள் இது நடக்காவிட்டால் 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணில் புகார் செய்வேன். அதன்பின் 2019ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்தின்கீழ் மாவட்ட நுகர்வோர் ஆணையத்தில் சேவைக் குறைபாட்டுக்கு வழக்குத் தொடுப்பேன். ரசீது, புகைப்படங்கள், தங்கள் நான்கு குறுஞ்செய்திகள் எல்லாம் என்னிடம் பத்திரமாக உள்ளன. தயவுசெய்து அந்தப் பணியாளரை மட்டும் மீண்டும் எங்கள் வீட்டுக்கு அனுப்பவேண்டாம்.

இப்படிக்கு,
தங்கள் வாடிக்கையாளர்