பசுமைச் சான்றிதழ் கட்டடத்துக்கு மட்டும் போதுமா?

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். தொழிற்பயிற்சி நிலையங்களுக்கும், சுற்றுச்சூழலுக்கு உகந்தவை என்று உறுதிசெய்யும் பசுமைச் சான்றிதழ் வழங்க வேண்டும் என்ற கருத்தை, குளிர்சாதனப் பிரிவில் பல ஆண்டுகள் பாடம் நடத்தியவன் என்ற முறையில் மனமார வரவேற்கிறேன். ஆனால் மழைநீர்த் தொட்டி, சூரிய மின்தகடு, மரக்கன்று ஆகியவற்றை மட்டும் பார்த்துச் சான்றிதழ் கொடுத்தால், பயிற்சிக்கூடத்துக்குள் அன்றாடம் நடப்பது கணக்கில் வராமலே போய்விடும்.

நான் பணியாற்றிய நிலையத்தில், ஏசியில் குளிர்விக்கப் பயன்படும் வாயுவைக் காற்றில் கலக்கவிடாமல் மீட்டெடுக்கும் இயந்திரம் இல்லை. பழைய ஏசியைக் கழற்றும்போது செம்புக் குழாயின் நட்டைத் தளர்த்திவிடுவோம். ‘உஸ்’ என்ற ஓசை அடங்கும்வரை மாணவர்கள் சுற்றி நின்று பார்ப்பார்கள். அந்த ஆர்-22 வாயு ஓசோன் படலத்தைச் சிதைப்பதோடு, நூறாண்டுக் கணக்கில் கரியமில வாயுவைப் போல ஏறத்தாழ 1,800 மடங்கு புவியைச் சூடாக்கக்கூடியது. ஓசோன் படலத்தைக் காக்கும் பன்னாட்டு ஒப்பந்தமான மாண்ட்ரியல் உடன்படிக்கையின்படி 2030-க்குள் இவ்வகை வாயுக்களை இந்தியா ஏறக்குறைய முழுவதுமாகக் கைவிட்டாக வேண்டும். எங்களிடம் கற்றதையே அந்த மாணவர்கள் வீடு வீடாகச் சென்று செய்திருப்பார்கள் என்று நினைக்கையில் மனம் வலிக்கிறது.

லேத் (கடைசல் இயந்திரம்) பிரிவின் கழிவு எண்ணெயும், உலோகத்தை வெட்டும்போது சூட்டைத் தணிக்க ஊற்றும் கூலன்ட் திரவமும் எங்கே போகின்றன என்பதும் கேட்கப்பட வேண்டிய கேள்விதான்.

தமிழகத்தில் 71 அரசு நிலையங்கள் ‘தொழில் 4.0’ எனப்படும், கணினி சார்ந்த நவீனத் தொழில்நுட்பத் தரத்துக்கு உயர்த்தப்பட்டுள்ள நிலையில், சான்றளிக்க வருவோர் கோப்புகளோடு நின்றுவிடாமல், இரண்டாம் ஆண்டு மாணவர் ஒருவரை அழைத்து, ஒரு ஏசியிலிருந்து வாயுவைச் சிந்தாமல் சிலிண்டரில் மீட்டுக் காட்டச் சொல்ல வேண்டும்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற பயிற்றுநர்,
கோயம்புத்தூர்.