பெரட்டுக்கு நேரமாச்சு

சுங்கை சிப்புட்
ஞாயிறு இரவு, நல்ல மழை

அன்பு மங்கு,

திட்டாதே. ஏழு மாதம் ஆகிவிட்டது, தெரியும். உன் குரல் பதிவு மூன்றையும் கேட்டேன். மூன்றாவதில் நீ கொடுத்த அர்ச்சனையைத் தம்பிக்கும் போட்டுக் காட்டினேன். "அந்த வாய் அப்படியே இருக்கு" என்றான். போனில் சொல்லலாம்தான். ஆனால் நீ நடுவில் பூந்து பேசுவாய், நான் அழுது தொலைப்பேன், விஷயம் வெளியே வராது. அதனால் பழையபடி தாளும் பேனாவும்.

இங்கே எல்லாரும் நலம். அவருக்குச் சர்க்கரை இறங்கியிருக்கிறது, வாய் இறங்கவில்லை. தோட்டத்துக் கணக்கெழுதின கிராணி மகளுக்கு மூன்றாவது பேரன். பள்ளிக்கூடத்து மாமரத்தை வெட்டிவிட்டார்கள். ஆமாம், நீ கேட்கப்போகிற அந்தக் கிளையும்தான் போயிற்று. மூக்கு வாத்தியாரைச் சந்தையில் பார்த்தேன், உன்னைத்தான் முதலில் விசாரித்தார், வழக்கம்போல என் பெயர் அவருக்கு ஞாபகமில்லை.

சரி, விஷயத்துக்கு வருகிறேன். அம்மாவைப் பற்றித்தான். பயப்படாதே, உடம்புக்கு ஒன்றுமில்லை.

நீ ஆஸ்பத்திரிக்கு வந்தபோது அம்மாவுக்குப் பேச்சே இல்லை அல்லவா. அப்புறம் வந்த ஒரே சொல் 'பெரட்டு' என்று சொன்னேன், நீ போனிலேயே சிரித்துவிட்டாய். நானும்தான் சிரித்தேன். பதினாறு மாதம் கழித்தும் அதே சொல்தான். தண்ணீர் வேண்டுமென்றால் பெரட்டு. முதுகு அரித்தால் பெரட்டு. தம்பி பெண்டாட்டியைக் கண்டால் ஒரு தனிப் பெரட்டு, அதை எழுத்தில் எழுத முடியாது. காலை நாலரைக்கு மண்டோர், அந்தக் கங்காணி, முன்னால் வரிசையில் நின்று பெரட்டுக்குப் பெயர் கொடுத்த காலம் போய் முப்பது வருஷமாகிறது. அந்தத் தோட்டத்தில் ரப்பர் பால்மரமே இப்போது கிடையாது, முழுக்கச் செம்பனை. இருந்தும் மூளை மிச்சம் வைத்தது அந்தச் சொல்லைத்தான்.

பேச்சுப் பயிற்சி தரும் பெண் சொன்னாள், அதில் பெரிய அர்த்தம் தேடாதீர்கள் அக்கா, இப்படி ஒற்றைச் சொல்லோடு நின்றுபோவது பலருக்கும் நடப்பதுதான் என்று. அவள் சொன்ன பிறகு தேடிப் படித்தேன். 1861-இல் பாரிசில் புரோக்கா என்கிற டாக்டரிடம் ஒரு நோயாளி வந்தாராம். எதைக் கேட்டாலும் 'டான்' என்ற ஒரே அசைதான். அவர் இறந்த பிறகு மூளையைப் பார்த்தபோது இடது பக்கம் முன்பகுதி கெட்டுப்போயிருந்தது. பேச்சு உட்கார்ந்திருக்கும் இடம் இது என்று உலகத்துக்குத் தெரியவந்ததே அந்த ஆளால்தான். அவர் வீட்டில் இருந்தவர்கள் அந்த 'டானை' எத்தனை விதமாகக் கேட்டிருப்பார்கள் என்று யாரும் எழுதிவைக்கவில்லை.

நான் எழுதி வைக்க ஆரம்பித்தேன். அங்கேதான் வம்பு தொடங்கியது.

பெ-ரட்-டு. குட்டை, நெட்டை, குட்டை. ஒரு ராத்திரி அம்மா அதைச் சொல்லிக்கொண்டே இருந்தாள். தூக்கம் போனதும் எழுந்து நோட்டில் அந்த மூன்று சுரத்தைச் செல்லோவுக்கு, அந்தப் பெரிய வயலினுக்கு, எழுதினேன். மறுநாள் இரண்டு பார், அதாவது இரண்டு தாளக் கட்டம். பிறகு ஒரு பக்கம். இரண்டு வயலின், ஒரு வியோலா, ஒரு செல்லோ. முப்பது வருஷமாக ஊர்ப் பிள்ளைகளுக்கு கிரேடு ஐந்து, கிரேடு ஆறு என்று அடுத்தவன் எழுதியதையே சொல்லிக் கொடுத்தவளுக்கு ஐம்பத்து மூன்று வயதில் இந்த ஆசை. சிரி, சிரி.

நான்கு பேரை எங்கே பிடித்தேன் என்று கேள். முதல் வயலின் நான். இரண்டாவது என் பழைய மாணவி, இப்போது ஈப்போவில் மருந்துக் கடையில் இருக்கிறாள். வியோலாவுக்கு ஓய்வுபெற்ற மலாய் ஆசிரியர் ஒருவர், 'சிக்கு' என்றுதான் எல்லாரும் கூப்பிடுகிறோம். பெயருக்கேற்ப தாளத்தில் சிக்கிக்கொள்வார், ஆனால் தங்கமான மனிதர். செல்லோ ஒரு சீனப் பல் டாக்டர். அந்த அம்மா வாசிப்பது நம் பக்கத்து லயத்துப் பாட்டி பேசுவதுபோல இருக்கும், ஒரு சுரம்கூட மிகையாக வராது.

இந்தக் கருவிகளில் என்னவெல்லாம் செய்யலாம் என்று கண்டுபிடித்த சந்தோஷத்தை யாரிடமும் சொல்ல முடியவில்லை. நீ மாட்டினாய். வில்லைத் தந்தியைத் தாங்கும் குதிரைக்கு ஒட்டினாற்போல வைத்து லேசாக இழுத்தால் சுரம் தேய்ந்துபோய் ஒரு கரகரப்பு வரும். உளி பால்மரப் பட்டையைச் சீவுகிற சத்தம் அப்படியே இருக்கும். நாம் அம்மா பின்னால் விளக்கைப் பிடித்துக்கொண்டு இருட்டில் நடப்போமே, மரத்துக்கு மரம் அந்தச் 'சர்ரக்', பிறகு நாலு எட்டு நடை, மறுபடியும் 'சர்ரக்'. அதை இரண்டு வயலினுக்கும் பிரித்துக் கொடுத்தேன். பக்கத்து வீட்டுப் பையன்கள் தைப்பூசத்துக்கு உறுமி பழகுகிறார்கள். சத்தம் தாங்காமல் சண்டை போடப் போனவள், வளைந்த குச்சியால் தோலை உரசி அந்த முனகலை எப்படி எடுக்கிறார்கள் என்று கேட்டுக்கொண்டு வந்தேன். செல்லோவில் வில்லை அழுத்தி மிக மெதுவாக இழுத்தால் கிட்டத்தட்ட அது வருகிறது. செல்லோவின் அடித் தந்தியை இன்னும் தளர்த்தித் தொளதொளவென்று தொங்கவிட்டேன். அது அம்மாவின் வலது கை. பல் டாக்டர் முகத்தைச் சுளித்தார், ஆனால் தளர்த்தினார்.

எனக்கு ரொம்பப் பெருமையாக இருந்த பகுதி கடைசி. மரத்தில் பால் பிடிக்கும் கிண்ணங்கள், அந்த மங்குகளில் பால் சொட்டுவது. நாலு பேரும் விரலால் தந்தியை மீட்டவேண்டும், ஆனால் சேர்ந்து அல்ல. அவரவர் வேகத்தில், யாரும் யாரையும் பார்க்காமல். போலந்துக்காரர் லூட்டோஸ்லாவ்ஸ்கி 1964-இல் நாலு தந்தி வாத்தியத்துக்கு எழுதிய குவார்ட்டெட்டில் இப்படித்தான் ஆளாளுக்கு விட்டுவிடுவார், அதில் கற்றுக்கொண்டேன். வெட்டில் பால் உறைந்து தானாக அடைபடுமே, அதுபோலச் சொட்டு மெதுவாகி, மெதுவாகி, ஒவ்வொருவராக நின்றுபோகவேண்டும். மூன்று நிமிடம். எழுதி முடித்த அன்று தனியாக உட்கார்ந்து அழுதேன். நல்லதாக ஒன்று செய்துவிட்டோம் என்ற அழுகை. இதை வேறு யாரிடமாவது சொன்னால் கொன்றுவிடுவேன்.

போன ஞாயிறு ஒத்திகை. வீட்டு உதவிக்கு இருக்கும் பெண் மேடானுக்கு லீவில் போய்விட்டாள். தம்பிக்கு வேலை. அம்மாவை ஹோமில் விடலாம் என்று அவன் சொன்னதில் ஆறு வாரம் நாங்கள் பேசிக்கொள்ளவில்லை, அது தனிக் கதை. வேறு வழியின்றி அம்மாவைக் காடியில் ஏற்றிக்கொண்டு ஈப்போவுக்குப் போனேன். கடைவீட்டு மாடி, இருபத்திரண்டு படி. சிக்குவும் நானும் நாற்காலியோடு தூக்கிக்கொண்டு போனோம். ஜன்னலோரம் உட்காரவைத்து, கையில் மைலோ கொடுத்தேன்.

உளி வந்தபோது தூங்கிக்கொண்டிருந்தாள். உறுமி முனகலுக்குக் கண்ணைத் திறந்தாள், மூடிக்கொண்டாள். செல்லோ அவள் சொல்லையே திருப்பித் திருப்பிச் சொன்னதற்கு ஒரு அசைவும் இல்லை. எனக்குக் கொஞ்சம் ஏமாற்றம்தான். கடைசிப் பகுதி வந்தது. சொட்டு. சொட்டு. இடைவெளி நீண்டது. சிக்கு நிறுத்தினார். மருந்துக்கடைக்காரி நிறுத்தினாள். நான் கண்ணை மூடிக்கொண்டு அந்த மௌனத்தை ரசித்துக்கொண்டிருந்தேன்.

படார் என்று ஒரு சத்தம். அம்மா இடது கையால் நாற்காலியை அறைந்தாள். "பெரட்டு!"

மறுபடி அறை. "பெரட்டு! பெரட்டு!" மைலோ தரையெல்லாம். சிக்கு அவளுக்கு என்னவோ ஆகிவிட்டதென்று தண்ணீருக்கு ஓடினார். அம்மா என்னைப் பார்த்தாள். மங்கு, அந்தப் பார்வை உனக்குத் தெரியும். மணி நாலு ஆகியும் போர்வைக்குள் கிடந்தால் லயத்து வாசலில் நின்று பார்ப்பாளே, அதே. வலி இல்லை, துக்கம் இல்லை. சுத்தமான எரிச்சல்.

பல் டாக்டர் மலாயில் கேட்டார், என்ன சொல்கிறார்கள் என்று. காலையில் வேலைக்காட்டுக்குப் போகும் முன் ஆள் கணக்கெடுப்பார்கள், அதுதான் என்றேன். அவர் வில்லை மடியில் வைத்துவிட்டு ரொம்ப மரியாதையாகக் கேட்டார்: "அப்படியானால் நாம் பிந்திவிட்டோமா?"

எல்லாரும் சிரித்தார்கள். அம்மாவும் பாதி வாயால் சிரித்தாள். நான் மட்டும் தரையைத் துடைத்துக்கொண்டிருந்தேன்.

திரும்பி வரும்போது அம்மா பக்கத்தில் குறட்டை விட்டாள். எனக்குத் தலைக்குள் அந்த அறைதான். இந்த அம்மா எப்போதடி மெதுவாக இருந்தாள்? 500 சொச்சம் மரத்தை வெளிச்சம் ஏறுவதற்குள் சீவி முடித்து, காண்டா கம்பில் இரண்டு வாளியை மாட்டிக்கொண்டு அவள் நடந்தால் நாம் ஓடத்தானே வேண்டியிருந்தது. சம்பளத்தில் இரண்டு வெள்ளி குறைந்ததற்கு ஆபீஸ் வாசலில் அவள் போட்ட சத்தத்தில் உங்கள் அப்பா சைக்கிளிலிருந்து விழவில்லையா? இப்போதும் அவள் மெதுவாக இல்லை. சொல் வராததால் பொறுமை இழந்து நிற்கிறாள், அவ்வளவுதான். அந்த மூன்று நிமிடச் சொட்டு அவளுடையது அல்ல.

என்னுடையது. உன்னிடம் மட்டும் சொல்கிறேன். ஆறாவது மாதம், ஒரு ராத்திரி நாலாவது தடவை படுக்கை மாற்றிவிட்டு, இது எப்போது முடியும் என்று நினைத்தேன். சோர்வில் வந்த நினைப்பு என்று சொல்லிக்கொள்ளலாம். நன்றாகத் தெளிவாகவே நினைத்தேன். அந்த நினைப்பைத்தான் நான்கு வாத்தியத்துக்குப் பிரித்து, அம்மாவின் பெயரை மேலே எழுதி வைத்திருக்கிறேன். உயிரோடு பக்கத்தில் உட்கார்ந்து மைலோ குடிக்கிறவளுக்கு ஒப்பாரி.

ஸ்மெட்டனா என்று ஒரு செக் நாட்டுக்காரர். 1874-இல் காது போய்விட்டது. இரண்டு வருஷம் கழித்து ஒரு குவார்ட்டெட் எழுதினார், அதன் கடைசிப் பகுதியில் குதியாட்டம் நடுவே முதல் வயலின் திடீரென்று உச்சத்தில் ஒரே சுரத்தைப் பிடித்துக்கொண்டு நிற்கும். அவர் காதுக்குள் கேட்ட இரைச்சல் அது. அவர் காது, அவர் இரைச்சல், அவர் எழுதினார். நான் அடுத்தவள் வாயிலிருந்து எடுத்தேன், எடுத்ததையும் தப்பாகக் கேட்டேன்.

இரண்டு நாள் நோட்டைத் தொடவில்லை. விட்டுவிடலாம் என்றுகூடத் தோன்றியது. வீட்டுக்காரர்தான் சொன்னார், கிழவி சொன்னது 'நிறுத்து' இல்லையே, 'நேரமாச்சு, கிளம்பு' தானே என்று. இந்த மனிதர் முப்பது வருஷத்தில் உருப்படியாகச் சொன்ன இரண்டாவது வார்த்தை. முதலாவது உனக்குத் தெரியும்.

அதனால் பிரித்து எழுதிக்கொண்டிருக்கிறேன். வேகம் காட்டும் மெட்ரோநோமில் 44 என்று இருந்ததை 112 ஆக்கினேன். செல்லோ இப்போது அழவில்லை, அதட்டுகிறது. மற்ற மூன்று பேரும் எப்போதும் அரைத் தாளம் பிந்தி ஓடி வருகிறார்கள். பிந்தவேண்டும் என்றே எழுதியிருப்பதால் சிக்குவுக்கு ஏகப்பட்ட மகிழ்ச்சி, வாழ்க்கையில் முதல் முறையாகச் சரியாக வாசிக்கிறார். மருந்துக்கடைக்காரி, டீச்சர் எனக்குக் கை சுளுக்கும் என்கிறாள். என் இழுப்பையும் ஒரு பக்கம் வைத்திருக்கிறேன், மறைக்கவில்லை. ஆனால் அது முதல் வயலினுக்கு மட்டும், செல்லோ அதைப் பாதியில் வெட்டிவிடும். ரஷ்யக்காரர் ஷொஸ்தகோவிச் 1960-இல் தன் எட்டாவது குவார்ட்டெட்டை மூன்றே நாளில் எழுதினாராம். எனக்குப் பதினாறு மாதமும் போய், இன்னும் நாலு வாரம்தான் மிச்சம். அடுத்த மாதம் இரண்டாவது சனிக்கிழமை, அதே மாடியில், ஐம்பது நாற்காலி.

அம்மாவோடு இன்னொன்றும் செய்து பார்க்கிறேன். பேச வராதவர்களுக்குச் சில சமயம் பாட வரும். 1973-இல் பாஸ்டனில் இருந்தவர்கள் இதை ஒரு சிகிச்சையாகவே ஆக்கியிருக்கிறார்கள், சொல்லை இரண்டு சுரத்தில் இழுத்து, அசைக்கு ஒரு தட்டாக இடது கையால் தட்டவேண்டும். பேச்சுப் பயிற்சி தரும் அந்தப் பெண் சொல்லிக் கொடுத்தபடி தினம் பசியாறும்போது தட்டுகிறோம். தண்-ணி. மேல் சுரம், கீழ் சுரம். செவ்வாய்க்கிழமை 'தண்' வரை வந்தது. 'ணி' வரவில்லை. அந்தக் கோபத்தில் டம்ளர் பறந்து அவர் பேப்பர் மேல் விழுந்தது.

நீ வரவேண்டும். நாலு மணிக்கு எழுந்து பாலம் தாண்டிச் சிங்கப்பூர் போகிறவள், நீயும் பெரட்டுக்காரிதான், உனக்கு லீவு கேட்பது எப்படி என்று தெரியாதா? அம்மா பக்கத்தில் நீ உட்கார். அறைந்தால் அறையட்டும், கையைப் பிடிக்காதே. முடிந்தால் அந்த உப்பு மீனும் கொண்டு வா, போன தடவை கொண்டுவந்த கடையில் வாங்காதே, கல்.

ஒன்று கேட்க மறந்தேன், கடிதம் எழுத உட்கார்ந்ததே அதற்குத்தான். பால் எடுக்கும் நேரம் அம்மா மர நிரைக்கு அந்தப்பக்கம் இருந்து நம்மைக் கூப்பிடக் கூவுவாளே. இரண்டு கூவலா, மூன்றா? நான் இரண்டு என்கிறேன். இரண்டாவது நீளம். தம்பி மூன்று என்று சத்தியம் செய்கிறான், ஆனால் அவன் அப்போது குழந்தைகளை விடும் ஆயாக்கொட்டகையில் இருந்தவன். அம்மாவைக் கேட்டேன், பெரட்டு என்றாள். உனக்கு நிச்சயமாகத் தெரிந்தால் உடனே எழுது. அந்த ஒரு பாரை மட்டும் நாலு பேர் நோட்டிலும் காலியாக விட்டிருக்கிறேன்.

உன்,
ஊசி