பெட்டி தூக்கிய மாணவர்கள்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். ஐரோப்பிய அருங்காட்சியகங்களில் இருக்கும் ஜப்பானிய ஓவியங்களைப் பற்றிச் சென்ற இதழில் வந்த கட்டுரையை ஆசையாகத்தான் படிக்க உட்கார்ந்தேன். "ஆய்வாளர்களும், அவர்களுக்குப் பெட்டி தூக்கிய மாணவர்களும்" என்ற வரியைப் பார்த்ததும் இதழை மூடி வைத்துவிட்டேன். மறுநாள்தான் மீதியைப் படிக்க மனம் வந்தது. அப்படிப் பெட்டி தூக்கியவர்களில் நானும் ஒருத்தி.

ஜெர்மனியில் முதுகலை படித்தபோது, ஓர் அருங்காட்சியகத்தின் நிலவறைக் கிடங்கில் இரண்டு குளிர்காலம் அங்கிருந்த ஜப்பானிய ஓவியங்களின் கணக்கெடுப்பில் இருந்தேன். கடிகாரம், மோதிரம், வளையல் எல்லாவற்றையும் கழற்றி வைத்துவிட்டுத்தான் உள்ளே போக வேண்டும். பேனா கூடாது, பென்சில் மட்டும். சுவரில் தொங்கவிடும் ஓவியச் சுருள் ஒன்றை விரிக்க இரண்டு பேர் வேண்டும். அந்த ஓவியங்களில் வெள்ளை நிறம் சிப்பித்தூளில் செய்தது. பழஞ்சுருளை அவசரமாக விரித்தால் பொடியாக உதிர்ந்துவிடும். ஓவியம் தீட்டியது பட்டுத்துணியிலா, காகிதத்திலா என்று பார்க்க வேண்டும். ஓவியத்தின் அளவு தனி, அதைச் சுற்றி ஒட்டிய துணியின் அளவு தனி. கையொப்பம், முத்திரை, பூச்சி அரித்த துளை, மடிப்பு விழுந்த இடம் எல்லாம் குறித்துப் படமெடுத்த பிறகு, இறுக்கமும் இல்லாமல் தளர்வும் இல்லாமல் மறுபடி சுருட்ட வேண்டும். நாளெல்லாம் குனிந்து நின்றாலும் பத்துப் பன்னிரண்டுக்கு மேல் முடியாது.

சுருளை வைக்கும் அந்தப் பெட்டியும் வெறும் பெட்டி இல்லை. கிரி என்ற லேசான ஜப்பானிய மரத்தில் செய்த அதன் மூடியில்தான் ஓவியர் யார், படம் எது என்று எழுதி வைப்பார்கள். சில மூடிகளில், அது அசல்தான் என்று பின்னால் வந்த ஒருவர் சான்று எழுதியிருப்பார். நாங்கள் போன இடத்தில் யாரோ எப்போதோ சுருள்களை ஓர் அறையிலும் பெட்டிகளை வேறோர் அறையிலும் அடுக்கியிருந்தார்கள். எந்தச் சுருளுக்கு எந்தப் பெட்டி என்று சேர்க்கவே எங்களுக்கு மூன்று வாரம் பிடித்தது. மூடியில் இருந்த பழைய கூட்டெழுத்தை இன்றைய ஜப்பானியர்களிலேயே பெரும்பாலோரால் படிக்க முடியாது. என்னோடு இருந்த ஜப்பானிய மாணவி அதை முறையாகப் பயின்றவள். "சீனம், பறவைகள்" என்று பழைய அட்டையில் எழுதிக் கிடந்த ஒரு சுருள், பதினெட்டாம் நூற்றாண்டு ஜப்பானிய ஓவியர் மருயாமா ஓக்யோவின் மரபில் வந்த ஒருவருடையது என்பது அவள் மூடியைப் படித்த பிறகுதான் எல்லாருக்கும் தெரிந்தது. பட்டியல் நூலாக வந்தபோது, நன்றியுரையில் காப்பு அட்டைகள் தந்த நிறுவனத்தின் பெயர் இருந்தது. அவள் பெயர் இல்லை.

சேகரித்தவர்களின் பெயர்களை உங்கள் கட்டுரை ஒன்றுவிடாமல் சொல்கிறது. பிரிட்டிஷ் அருங்காட்சியகம் 1881இல் யாருடைய தொகுப்பை வாங்கியதோ அந்த மருத்துவர் வில்லியம் ஆண்டர்சன், ஜப்பானின் பணத்தாள்களுக்குச் செதுக்குவேலை செய்து தம் தொகுப்பை இத்தாலியின் ஜெனோவா நகருக்கு விட்டுச்சென்ற கியோசோனே, 1887 முதல் 1889 வரை ஆசியாவைச் சுற்றி முப்பதாயிரத்துக்கும் மேற்பட்ட பொருள்களை வாங்கிய பார்டி பிரபு. ஆண்டர்சன் 1886இல் தாமே பட்டியலும் போட்டார். எல்லாத் தொகுப்புக்கும் அந்தக் கொடுப்பினை இல்லை. வாங்கிக் குவித்ததை விரித்துப் பார்க்க ஆள் வேண்டாமா? கியோட்டோவில் ரிட்சுமெய்கான் பல்கலைக்கழகக் கலை ஆய்வு மையம் மாணவர்களைப் பழக்கி ஐரோப்பாவுக்கு அழைத்துப் போனது எதற்கு என்பது தங்களுக்குத் தெரியாததல்ல.

இன்னொன்றையும் சொல்லிவிடுகிறேன். ஈராண்டுக்கு முன் ஜப்பானிய ஓவியர் ஹொக்குசாயின் பேரலைப் படத்தைச் "சுனாமி ஓவியம்" என்று அச்சிட்டீர்கள். அது 1831ஆம் ஆண்டையொட்டி வந்த மரச்செதுக்கு அச்சுப்படம். ஃபூஜி மலையின் முப்பத்தாறு காட்சிகளில் ஒன்று. அதில் இருப்பது கரைக்கு அப்பால் கடலில் எழும் பேரலை, சுனாமி அல்ல. அன்றே எழுதினேன். திருத்தமும் வரவில்லை, பதிலும் வரவில்லை. இருபது ஆண்டு வாசகிக்கு ஓர் அஞ்சலட்டையாவது போட்டிருக்கலாம்.

இப்போது கேட்பது இரண்டே. இணையப் பதிப்பிலாவது அந்த வரியைக் "கணக்கெடுப்பில் பணியாற்றிய மாணவர்களும்" என்று மாற்றுங்கள். கட்டுரையோடு வந்திருக்கும் நாரைப் படம் இடவலம் மாறி அச்சாகியிருக்கிறது. கையொப்பத்தையும் முத்திரையையும் பார்த்தாலே தெரியும். அதையும் சரிசெய்யுங்கள்.

இப்படிக்கு,
நெடுநாள் வாசகி,
திருச்சி