முதுகின் மேல் பழி போட்ட எட்டு வருடம்

அன்புத் தோழிக்கு,

உன் கடிதம் வந்து மூன்று வாரம் ஆகிறது. உடனே பதில் எழுத நினைத்தேன். ஆனால் அந்த வாரம் என்னால் உட்காரவே முடியவில்லை. படுத்தபடி எழுதலாம்தான், அதை உன்னால் படிக்க முடியாது. உட்கார்ந்து எழுதினாலே என் கையெழுத்து கோழி கிளறியதுபோல் இருக்கும் என்பாயே!

புது வீட்டுக்குக் குடிபோனது சந்தோஷம். சாமான் தூக்கியதில் இடுப்பு பிடித்துக்கொண்டது, இரண்டு மாதமாகியும் விடவில்லை என்று எழுதியிருந்தாய். அடுத்த வரியிலேயே, "அந்த நாட்களில் எப்படியும் வலிக்கத்தானே செய்யும்" என்றும் எழுதியிருந்தாய். அந்த இரண்டு வரிகளைச் சேர்த்துப் படித்ததில்தான் எனக்குத் திக்கென்றது.

நான் எட்டு வருடம் முதுகைத்தான் குறை சொல்லிக்கொண்டிருந்தேன். மெத்தையை மாற்றினேன், நாற்காலியை மாற்றினேன். எக்ஸ்ரேயில் முதுகெலும்பு சமர்த்தாக, ஒரு குறையும் இல்லாமல் நின்றது. கடைசியில் ஒரு பிசியோதெரபிஸ்ட்தான் கேட்டார்: "எந்தத் தேதிகளில் வலிக்கிறது?" அதுவரை யாரும் கேட்காத கேள்வி. காலண்டரில் நான்கு மாதம் குறித்தேன். மாதவிடாய்க்கு இரண்டு மூன்று நாள் முன்பு அடிமுதுகில் தொடங்கும், அடிவயிற்றுக்குப் பரவும், தொடை வரை இறங்கும். அந்த நாட்களில் மலம் கழிக்கும்போது உயிர் போகும். இதையெல்லாம் தனித்தனித் தொல்லை என்று நினைத்திருந்தேன்.

முதல் ஸ்கேனில் ஒன்றும் தெரியவில்லை. "ஒரு குழந்தை பெற்றுக்கொண்டால் சரியாகிவிடும்" என்று ஒரு மருத்துவர் அனுப்பிவைத்தார். அந்தக் கோபம் இன்னும் தீரவில்லை; பிரசவம் இதற்கு மருந்தில்லை. இந்த நோயை நன்கு பார்த்துப் பழகிய இன்னொருவர் எடுத்த ஸ்கேனில்தான் எண்டோமெட்ரியோசிஸ் என்று தெரிந்தது. கருப்பையின் உட்பூச்சைப் போன்ற திசு கருப்பைக்கு வெளியே வளர்வது. எனக்கு அது பிடித்திருந்த இடம், கருப்பையின் கழுத்திலிருந்து பின்னால் போய் முதுகுத்தண்டின் அடியெலும்பில் சேரும் தசைநார். படம் வரைந்து காட்டினார். அடிமுதுகு ஏன் வலித்தது என்று அப்போதுதான் புரிந்தது.

இனப்பெருக்க வயதுப் பெண்களில் பத்தில் ஒருவருக்கு இது உண்டு, கண்டுபிடிக்க 4 முதல் 12 ஆண்டுகள் ஆகின்றன என்கிறது உலக சுகாதார நிறுவனம். எனக்கு எட்டு. பள்ளியைப் போலவே இதிலும் நான் சரியாக நடுவில்! முன்பெல்லாம் லேப்ராஸ்கோபி, அதாவது வயிற்றில் சின்னத் துளை போட்டுக் கேமராவால் பார்க்கும் அறுவை, செய்து பார்த்தால்தான் உறுதி என்பார்கள். ஐரோப்பிய நிபுணர்களின் 2022 வழிகாட்டுதல் அதைத் தளர்த்தியிருக்கிறது. அறிகுறிகளை வைத்தே மருந்து தொடங்கலாம். ஆகவே கத்திக்குப் பயந்து தள்ளிப்போடாதே. ஸ்கேன் சுத்தமாக வந்தால், ஒன்றுமில்லை என்று நம்பியும் விடாதே. அந்தத் திசுவின் சின்னப் படிவுகள் அதில் சிக்காமல் போகலாம். இன்னொரு விசித்திரம், படிவு எவ்வளவு என்பதற்கும் வலி எவ்வளவு என்பதற்கும் சம்பந்தமில்லை.

எனக்குக் கொடுத்தது டயனோஜெஸ்ட் என்ற ஹார்மோன் மாத்திரை, தினம் 2 மில்லிகிராம். முதல் சில மாதங்கள் விட்டுவிட்டு ரத்தம் கசிந்தது, காரணமில்லாமல் அழுகை வந்தது. அப்புறம் வலி பாதியானது. மீதிப் பாதி போகவில்லை. அதற்குக் காரணம் நான்தான், அல்லது என் தசைகள். வருடக்கணக்காக வலிக்குப் பயந்து இடுப்பின் அடித்தளத் தசைகளை இறுக்கிப் பிடித்தே வைத்திருக்கிறேன், தூக்கத்தில்கூட. பல்லைக் கடிப்பது மாதிரி. இது தெரியாமல், எங்கோ படித்துவிட்டு அந்தத் தசைகளை இறுக்கும் பயிற்சியை வேறு தினமும் செய்தேன்! எரிகிற நெருப்பில் எண்ணெய். அந்தத் தசைகளுக்கென்றே பிசியோதெரபி இருக்கிறது. அங்கே போனபோது, எனக்குத் தேவை இறுக்குவது அல்ல, விடுவது என்றார்கள். தரையில் படுத்து, கெண்டைக்கால்களை நாற்காலி மேல் வைத்து, வயிறு உப்பும்படி மெதுவாக மூச்சு. பத்து நிமிடம். முதல் வாரம் சிரிப்பாக இருந்தது. இரண்டு மாதத்தில் பேருந்தில் உட்கார்ந்து போக முடிந்தது. என் அனுபவத்தில் மாத்திரைக்குச் சமமாக உதவியது இதுதான், ஆனால் எல்லோருக்கும் இதே கணக்கு என்று சொல்ல மாட்டேன்.

வெந்நீர்ப் பை நல்லது. ஆனால் அதன் மேலேயே தூங்காதே. என் இடுப்பில் வலை போட்டதுபோல் பழுப்புத் தடம் விழுந்து இன்னும் மறையவில்லை. வலிநிவாரணியை வலி உச்சத்துக்கு ஏறும்வரை காத்திருந்து போடாதே; வலியைக் கிளப்பும் புராஸ்டாகிளாண்டின் சுரப்பதைத்தான் அது தடுக்கிறது, முந்திக்கொண்டால்தான் பலன். உனக்கு வயிற்றுப்புண் இருந்ததே, அதனால் மருத்துவரைக் கேட்காமல் எதையும் போடாதே.

இன்னொன்று. அலுவலகத்தில் இன்றும் நான் "முதுகுவலி" என்றுதான் சொல்கிறேன். முதுகு என்றால் நல்ல நாற்காலி தருகிறார்கள். அடிவயிறு என்றால் பார்வையைத் திருப்பிக்கொள்கிறார்கள். உன்னிடமும் அதே பொய்யைத்தான் இத்தனை வருடம் எழுதியிருக்கிறேன், மன்னித்துவிடு. நீயும் எனக்கு அப்படித்தான் எழுதுகிறாயோ என்று சந்தேகம்.

உனக்கு வெறும் தசைப்பிடிப்பாகவும் இருக்கலாம். இருந்தாலும் காலண்டரில் தேதிகளைக் குறி, அடுத்த கடிதத்தில் அப்படியே எழுதி அனுப்பு. படியிறங்கித் தபாலில் போட முடியாவிட்டால் போன் செய்.

ஒரு மணி நேரம் உட்கார்ந்துவிட்டேன். எழுந்து கொஞ்சம் நடக்க வேண்டும்.

உன் பழைய பெஞ்சுக்காரி