படிக்கட்டில் ஆளை இறக்கும் முன்: தமிழ்நாடு தீயணைப்புத் துறைக்கு ஒரு திறந்த மடல்

தமிழ்நாடு தீயணைப்பு மற்றும் மீட்புப் பணிகள் துறையின் இயக்குநர் அவர்களுக்கும், மாவட்ட அலுவலர்கள், நிலைய அலுவலர்கள் அனைவருக்கும் வணக்கம்.

2017 மே 31 அதிகாலையில் தி.நகர் உஸ்மான் சாலையில் ஒரு ஏழு மாடி ஜவுளிக்கடையின் பேஸ்மென்ட்டில் தீ மூண்டது. பகல் முழுக்க எரிந்தது. மறுநாள் விடிவதற்குள் கட்டடத்தின் ஒரு பகுதி சரிந்தே விட்டது. அடர்ந்த புகையால் உள்ளே நுழைய வழியில்லாமல் வீரர்கள் வெளியே நின்று போராட வேண்டியிருந்ததை ஊரே பார்த்தது. அதற்குப் பிறகு நம் நகரங்களில் பேஸ்மென்ட்டுகள் பெருகியிருக்கின்றனவே தவிரக் குறையவில்லை. துணி மூட்டை, அட்டைப் பெட்டி, ஜெனரேட்டர், மின்பலகை, இப்போது சார்ஜ் ஏறும் மின்ஸ்கூட்டர் எல்லாம் அங்கேதான் இருக்கின்றன. அடுத்த அழைப்பு வரும்போது யாரோ ஒரு நிலைய அலுவலர் அந்தப் படிக்கட்டின் தலையில் நின்று, இரண்டு பேரை இறக்குவதா வேண்டாமா என்று ஒரு நிமிடத்துக்குள் முடிவெடுக்க வேண்டும். அந்த முடிவை அவர் தலையில் மட்டும் சுமத்தக் கூடாது என்பதற்காகவே இந்த மடல்.

நாங்கள் கேட்பது ஒன்றுதான். பேஸ்மென்ட் தீக்கென்று எல்லா நிலையங்களுக்கும் பொதுவான நிலையாணை ஒன்று எழுத்தில் வர வேண்டும். புகை வெளியேற இன்னொரு திறப்பு கிடைத்து, வெளியிலிருந்து ஒருமுறை தண்ணீர் அடித்து, இறங்குகிறவர் முதுகில் சுமக்கும் சிலிண்டரின் காற்றுக் கணக்கும் போட்டு முடிக்கும்வரை உட்படிக்கட்டு வழியாக எவரையும் இறக்கக் கூடாது என்று அது சொல்ல வேண்டும். உள்ளே ஆள் சிக்கியிருப்பது உறுதியானால் முதல் இரண்டுக்கும் விலக்கு தரலாம். காற்றுக் கணக்குக்கு அப்போதும் விலக்கு கூடாது.

மாடியில் எரியும்போது நாம் தீயின் கீழிருந்து ஏறுகிறோம். சூடு கூரையோடு நிற்கும், குனிந்தால் தப்பலாம். பேஸ்மென்ட்டில் இது தலைகீழ். கீழே உருவாகும் சூடான வாயு மேலே போகத் தேடும் வழி படிக்கட்டு. நாம் இறங்கத் தேடும் வழியும் அதுவே. படிக்கட்டு அங்கே புகைபோக்கியாக வேலை செய்கிறது, அதன் வாயில் ஆளை நிறுத்துகிறோம். இறங்கி அடி சேர்ந்தால் சூடு குறையலாம். ஆனால் அதுவரை பத்துப் பதினைந்து படிகளும் வாயுவின் ஓட்டத்துக்கு நடுவேதான்.

அந்த ஓட்டம் நொடிகளில் மாறும் என்பதற்கு 1999 மே 30 அன்று வாஷிங்டன் நகரில் செரி ரோடு வீட்டில் நடந்ததே சாட்சி. தீ பேஸ்மென்ட்டில் இருந்தது. முன்பக்கம் நுழைந்தவர்கள் தரைத்தளத்தில், உட்படிக்கட்டின் மேல்பக்கம் இருந்தார்கள். பின்பக்கம் நிலம் தாழ்வு, பேஸ்மென்ட்டுக்கு அங்கே ஒரு கண்ணாடிக் கதவு. அது திறக்கப்பட்டதும் புதுக்காற்று உள்ளே பாய, தீவாயு படிக்கட்டு வழியே மேலே அடித்தது. இரண்டு தீயணைப்பு வீரர்கள் இறந்தார்கள். பின்பக்கம் இருந்தவர்கள் செய்ததில் துணிச்சல் குறைவோ சோம்பலோ இல்லை. மேலே எங்கே ஆள் நிற்கிறார்கள் என்பதையும் எந்தத் திறப்பை எப்போது திறப்பது என்பதையும் ஒரே ஆள் கையில் வைத்திருக்கவில்லை, அவ்வளவுதான். 2011 ஜூனில் சான் பிரான்சிஸ்கோவில் மலைச்சரிவு வீடு ஒன்றில், தெரு மட்டத்துக்குக் கீழிருந்த தளத்துத் தீ இதே போல இருவரைப் பறித்தது.

ஆகவே வண்டி நின்றதும் முதல் வேலை ஹோஸ் விரிப்பதோடு கட்டடத்தைச் சுற்றி வருவது. எந்தத் திறப்பு புகையைத் தள்ளுகிறது, எது காற்றை உள்ளே இழுக்கிறது? வாகனச் சரிவுப்பாதை, நடைபாதையோரக் கம்பிவலை, ஜெனரேட்டர் அறையின் காற்றுவழி, லிஃப்ட் குழி, சரக்கு இறக்கும் பள்ளம் எல்லாவற்றையும் பார்க்க வேண்டும். புகை தள்ளும் வாயில் நுழையக் கூடாது. காற்று இழுக்கும் பக்கத்தில்தான் வழி. நம் ஊர் வணிகக் கட்டடங்களில் பெரும்பாலும் அது வாகனச் சரிவுப்பாதையாக இருக்கும். அகலம் உண்டு, படி தடுக்காது, அடித்த தண்ணீரும் தீயை நோக்கியே ஓடும். ஆனால் பாதையின் மேல்பாதியில் புகை வெளியேறிக்கொண்டே அடிப்பாதியில் காற்று நுழைவதும் உண்டு. தரையோடு குனிந்து பார்த்தால்தான் தெரியும்.

பிறகு வெளியிலிருந்து தண்ணீர். வெளியிலிருந்து அடித்தால் தீ உள்ளே தள்ளப்பட்டுப் பரவும் என்ற பயம் பழைய பயம். நியூயார்க் தீயணைப்புத் துறையும் யூ.எல். என்ற பாதுகாப்புச் சோதனை ஆய்வகமும் 2012ல் கவர்னர்ஸ் தீவின் காலி வீடுகளில் தீ மூட்டிச் சோதித்தன. பேஸ்மென்ட் தீயும் அதில் உண்டு. திறப்பு வழியே கொஞ்ச நேரம் நேராக அடித்த தண்ணீர், உள்ளே ஆள் போகும் முன்பே சூட்டைக் கணிசமாகக் குறைத்தது. திறப்பு வழியே பேஸ்மென்ட்டின் கூரையில் படும்படி நேர்த்தாரையாக அடிக்க வேண்டும். அகல விரித்து அடித்தால் திறப்பே அடைபட்டுப் புகையும் நீராவியும் உள்ளேயே திரும்பும். இதில் மீறக் கூடாத விதி ஒன்று உண்டு. உள்ளே நம் ஆள் இருக்கும்போது எதிர்த் திறப்பிலிருந்து அடிக்கக் கூடாது. கொதிக்கும் நீராவி அவர்கள் மேல்தான் போகும்.

இனி காற்றுக் கணக்கு. மடலில் இதைத்தான் அதிகம் வலியுறுத்துகிறோம். 6.8 லிட்டர் சிலிண்டரில் அழுத்தம் 300 பார் (பார் என்பது அழுத்த அலகு) என்றால் சுமார் 2,040 லிட்டர் காற்று. ஹோஸ் இழுத்தபடி இறங்குகிறவர் நிமிடத்துக்கு 60 லிட்டர் இழுப்பார், பதறினால் இன்னும் கூடும். 60 என்றே வைத்தால் மொத்தம் 34 நிமிடம். தீ இருக்கும் இடம் சேர 60 பார் செலவானதாக வையுங்கள். அழுத்தமானி 240 காட்டும். ஜெர்மானியத் தீயணைப்பு விதி, போக ஆனதைப்போல் இருமடங்கைத் திரும்புவதற்கு ஒதுக்கச் சொல்கிறது. அது 120. காற்று தீரப்போகிறது என்று சிலிண்டரின் எச்சரிக்கை விசில் அடிக்கும் 55 பார் அளவைத் தொடாமலிருக்க மேலும் 60 வைக்கச் சொல்கிறோம் நாங்கள். அப்படியானால் 180 பார் இருக்கும்போதே திரும்ப வேண்டும். 240க்கும் 180க்கும் நடுவில் 408 லிட்டர், அதாவது ஏழு நிமிடத்துக்கும் குறைவான வேலை.

இப்போது "விசில் வந்ததும் கிளம்பு" என்ற பழக்கத்தை இதோடு ஒப்பிடுங்கள். 55 பாரில் மிச்சம் 374 லிட்டர். உள்ளே வரவே 408 லிட்டர் ஆனது. விசில் கேட்டுக் கிளம்புகிறவருக்கு, வந்த அதே வேகத்தில் திரும்பினாலும் வெளியே வந்து சேரக் காற்று போதாது. மாடித் தீயில் ஜன்னலோரம் போய்த் தலையை நீட்டலாம். பேஸ்மென்ட்டில் ஜன்னல் கிடையாது. விசிலை நம்பி வேலை செய்வது அங்கே தற்கொலைக்குச் சமம்.

இதை உள்ளே இருக்கிறவர் தனியே கணக்கிட முடியாது. வாசலில் ஒரு பலகை, ஒரு கடிகாரம், ஒரே வேலையாக ஓர் ஆள் வேண்டும். பெயர், நுழைந்த நேரம், நுழைந்த அழுத்தம், திரும்ப வேண்டிய அழுத்தம் என்று நாலு கட்டம் போதும். அவர் பம்பும் பார்த்து பலகையும் பார்ப்பதாக இருக்கக் கூடாது. உள்ளே இருவர் என்றால் வெளியே முழு உடையில், முகமூடி தயாராக, இருவர். அமெரிக்காவில் 1998 முதல் இது சட்டமே. ஆள் குறைவான நிலையத்தில் எப்படி முடியும் என்று கேட்பார்கள். நாலு பேர் சேரும்வரை வெளியிலிருந்து தண்ணீர் அடிப்பதுதான் பதில். அடுத்த வண்டியை முதல் அழைப்பிலேயே கூப்பிட வேண்டும்.

வாக்கி டாக்கியும் கீழே பொய்த்துவிடும். இரண்டு கான்கிரீட் தளங்களைத் தாண்டி அலை பல நேரம் வராது. படிக்கட்டுத் தலையில் ஒருவர் நின்று சொல்லைக் கடத்த வேண்டும். உள்ளே இருப்பவருக்கு ஹோஸ்தான் வழிகாட்டி. அதை விட்டு விலகக் கூடாது. திசை தெரியாமல் போனால் இணைப்பைத் தடவிப் பார்க்கலாம். காது நீட்டிய பெண் கப்ளிங் (மற்ற முனையைத் தன்னுள் வாங்கும் முனை) எந்தப் பக்கமோ அந்தப் பக்கம்தான் வண்டி. இருட்டில் கையுறையோடு இதைப் பழகியிருக்க வேண்டும். மாதம் ஒருமுறை, முகமூடிக் கண்ணாடியைத் துணியால் மூடிவிட்டு, நிலையத்துக் கிடங்கிலேயே பயிற்சி தரலாம். செலவே இல்லை.

ஹோஸ் பற்றியும் ஒரு வார்த்தை. 63 மி.மீ. ஹோஸ் 15 மீட்டர் நீளத்துக்குத் தண்ணீர் மட்டுமே 47 கிலோ. மூன்று நீளம் என்றால் 140 கிலோவைப் படியில் திருப்பித் திருப்பி இழுக்க வேண்டும். அந்த உழைப்பு முழுவதும் சிலிண்டரிலிருந்துதான் போகிறது. 38 மி.மீ. ஹோஸில் அதே நீளத்துக்கு 17 கிலோ. இறங்கும் குழுவுக்கு 38 அல்லது 45 மி.மீ. ஹோஸும், தாரையை மாற்றக்கூடிய நாசிலும் ஒவ்வொரு வண்டியிலும் இருக்க வேண்டும். 63ஐ வெளித் தாக்குதலுக்கு வையுங்கள்.

அடிக்கிற தண்ணீர் எங்கே போகிறது என்பதையும் யோசிக்க வேண்டும். நிமிடத்துக்கு 450 லிட்டர் தரும் ஒரே ஒரு பிராஞ்ச் (ஹோஸ் முனையில் பிடித்துத் தண்ணீர் பீய்ச்சும் குழாய்), மணிக்கு 27 டன் தண்ணீரைப் பேஸ்மென்ட்டில் கொட்டும். முழங்கால் அளவு ஏறியதும் தண்ணீர்த்தொட்டி மூடி மிதந்து விலகும், கருப்புத் தண்ணீருக்கு அடியில் குழி திறந்து கிடக்கும். லிஃப்ட் குழியும் அப்படியே. கம்பியால் தரையைத் தட்டிப் பார்க்காமல் ஓரடியும் வைக்கக் கூடாது. அந்தத் தண்ணீரில்தான் மின்பலகையும் நிற்கிறது. மின்வாரியம் இணைப்பைத் துண்டித்துவிட்டது என்று சொன்னதும் நிம்மதியடைவது தவறு. மின்சாரம் போன சில நொடிகளில் தானாகக் கிளம்பும் ஜெனரேட்டர்தான் பெரும்பாலான கடைகளில் இருக்கிறது. யூ.பி.எஸ். பேட்டரிகளும் உண்டு, சில இடங்களில் சூரியத் தகடுகளும் உண்டு. ஒவ்வொன்றையும் தனித்தனியாக நிறுத்தியதை வாசலில் இருப்பவர் பலகையில் எழுத வேண்டும்.

மின்ஸ்கூட்டர் பேட்டரிகள் எரியும் இடத்தில் புகை வேறு. ஹைட்ரஜனும் கார்பன் மோனாக்சைடும் ஹைட்ரஜன் ஃப்ளூரைடும் கலந்த வாயு மூடிய இடத்தில் தேங்கி, தீப்பொறி பட்டால் வெடிக்கும். வெள்ளை ஆவி தரையோடு படர்வதைப் பார்த்தால் ஆளை இறக்காதீர்கள். 2022 செப்டம்பரில் செகந்திராபாத்தில் விடுதிக்குக் கீழிருந்த மின்ஸ்கூட்டர் கடைத் தீயின் புகை மேலே ஏறி 8 பேர் இறந்தது நினைவிருக்கும்.

தளம் இடிவதைப் பற்றிச் சுருக்கமாக. 1966 அக்டோபர் 17 நியூயார்க் 23ஆம் தெருவில் மருந்துக்கடைக்குள் நின்ற வீரர்களுக்குத் தங்கள் காலடியில் நிலவறை எரிவது தெரியவில்லை. பக்கத்துக் கட்டடத்தின் நிலவறை, தடுப்புச்சுவர் மாற்றிக் கட்டப்பட்டதால் இந்தக் கடையின் கீழ்வரை நீண்டிருந்தது. தடித்த தளம் சூட்டை மறைத்தது. தளம் உடைந்து 12 பேர் இறந்தார்கள். நம் கான்கிரீட் தளமும் இதே விதமாக ஏமாற்றும். அடியில் கான்கிரீட் பொரிந்து உதிர்ந்து கம்பி வெளியே தெரியும்போதும் மேலே டைல்ஸ் சாதாரணமாகவே இருக்கும். தெர்மல் கேமராவும் இதைக் காட்டாது. சுமார் 550 டிகிரியில் இரும்பு தன் வலிமையில் ஏறத்தாழப் பாதியை இழக்கிறது. மணிக்கணக்கில் அடங்காமல் எரிந்த பேஸ்மென்ட்டுக்கு மேல் யாரும் நிற்கக் கூடாது. கட்டட உயரத்தைப்போல் ஒன்றரை மடங்கு தூரத்துக்கு ஆளையும் வண்டியையும் விலக்க வேண்டும்.

தீ அணைந்த பிறகு முகமூடியைக் கழற்றுவது இன்னொரு ஆபத்து. கனன்றுகொண்டிருக்கும் துணி மூட்டை கார்பன் மோனாக்சைடைக் கக்கிக்கொண்டே இருக்கும், வாசனை கிடையாது. வாயுமானி 35 பிபிஎம்-க்குக் கீழே (காற்றில் பத்து லட்சத்தில் 35 பங்குக்கும் குறைவாக) காட்டும்வரை முகமூடி முகத்தில் இருக்கட்டும். ஒவ்வொரு நிலையத்துக்கும் ஒரு வாயுமானி என்பது பெரிய செலவல்ல.

கடைசியாக, தடையில்லாச் சான்று. இறங்கப் போகிற வீரருக்கு அதிகாரியாக இருப்பதும், அந்தக் கட்டடத்துக்குச் சான்று தருவதும் ஒரே துறை. இந்த அதிகாரத்தை வீரருக்காகப் பயன்படுத்துங்கள். பேஸ்மென்ட்டின் தரைப்பரப்பில் 2.5 விழுக்காடு அளவுக்குக் காற்றுத் திறப்புகள் சுற்றிலும் வேண்டும் என்கிறது தேசியக் கட்டட விதித்தொகுப்பு. 1,000 சதுர மீட்டருக்கு 25 சதுர மீட்டர். கட்டும்போது இருக்கும், பிறகு விளம்பரப் பலகையும் கண்ணாடியும் அதை மூடும். பேஸ்மென்ட் படிக்கட்டை வெளிக்காற்றுப் பக்கமிருந்துதான் அடைய வேண்டும் என்கிறது அதே தொகுப்பு. கடைக்குள்ளிருந்து நேரே இறங்கும் படியே பல இடங்களில் இருக்கிறது. 2011 டிசம்பர் 9 அன்று கொல்கத்தா டாக்கூரியா மருத்துவமனையில் ஏறத்தாழ 90 பேரைக் கொன்ற புகை, வாகனம் நிறுத்த அனுமதி பெற்றுப் பொருள் அடுக்கி வைத்த பேஸ்மென்ட்டிலிருந்துதான் எழுந்தது.

சான்றைப் புதுப்பிக்க வரும் அலுவலர் தாளை மட்டும் பார்க்காமல் இரண்டைச் செய்து பார்க்கட்டும். பிரதான மின்சாரத்தை நிறுத்தச் சொல்லி, புகை உறிஞ்சும் விசிறி அப்போதும் சுழல்கிறதா, அதன் சுவிட்ச் தரைமட்டத்தில் வாசல் பக்கத்தில் இருக்கிறதா என்று பார்க்கட்டும். வெளிப்புறம் சுற்றி வந்து, 38 மி.மீ. நாசிலை நுழைத்து அடிக்கத் திறப்பு எத்தனை, எங்கே என்று எண்ணி, ஒரு தாளில் வரைந்து, அந்தப் பகுதி நிலையத்து வண்டியில் வைக்கட்டும். திறப்பு இல்லாத பேஸ்மென்ட்டில் சரக்கு வைக்கச் சான்று தராதீர்கள். ஏற்கெனவே தந்திருந்தால், திறப்பு வைக்கும்வரை நிறுத்தி வையுங்கள்.

இப்படிக்கு,
தீப்பாதுகாப்புப் பணியில் இருக்கும் பொறியாளர்களும் ஓய்வுபெற்ற நிலைய அலுவலர்களும்