மேல் ரூம் கதவு

பாலக்கோடு
புதன் இரவு

அன்புள்ள பாப்பா,

சாப்பிடுகிறாயா? ராகி மாவு தீர்ந்திருக்கும். புளி இந்த வருஷம் நல்ல காய்ப்பு. கொட்டை எடுத்து, உப்புப் போட்டு உருண்டை பிடித்து 3 கிலோ உனக்கென்று வைத்திருக்கிறேன். தக்காளி விலையைக் கேட்காதே, மார்க்கெட்டிலிருந்து வந்தால் அப்பா யாரிடமும் பேசுவதில்லை.

நீயும் இப்போதெல்லாம் போனில் 2 நிமிடம்தான். வேலை இருக்கும், சரி. நம் குடும்பத்தில் பெங்களூரில் இப்படி ஒரு வேலையில் இருக்கிற பெண் நீ ஒருத்திதான், பார்க்கிறவர்களிடமெல்லாம் சொல்கிறேன். ஆனாலும் பெற்றவளுக்கு 10 நிமிடம் ஒதுக்கக்கூடாதா?

போன வாரம் ஓசூர் அக்கா வந்திருந்தாள். கவுன்சலிங்குக்கு வருகிறவர்களில் பாதிப் பேரை வீடியோவில்தான் பார்க்கிறாளாம். சும்மா கேட்பதுபோல விசாரித்தேன். நேரில் என்றால் விரலை நெரிப்பதும் கால் ஆடுவதும் தெரியும், இதில் கழுத்துக்கு மேலேதான் தெரிகிறது என்றாள். பேச்சு நின்றால் நெட் போய்விட்டதா, அழுகிறார்களா என்று புரியாதாம். காமிராவைப் பார்த்தால்தான் எதிரில் இருப்பவருக்குத் தன்னைப் பார்ப்பதுபோல இருக்கும், ஆனால் அப்போது அவர் முகத்தை இவளால் பார்க்க முடியாது. நாலு பேரோடு பேசி முடித்தால் தலை கனத்துவிடுகிறதாம். நேரில் வாய் திறக்காத சிலர் தங்கள் கட்டிலில் உட்கார்ந்துகொண்டு மனசைக் கொட்டிவிடுவார்களாம். வீட்டில் ஆள் இருக்கிறது என்று காருக்குள் உட்கார்ந்து பேசுகிறவர்களும் உண்டாம். அதனால்தான் எடுத்ததுமே, பக்கத்தில் யாராவது இருக்கிறார்களா என்று கேட்டுவிடுவாளாம்.

அதற்குமேல் அவள் சொன்னது எதுவும் என் காதில் ஏறவில்லை.

பாப்பா, மாசியில் நீ வந்திருந்தபோது, புளி காயவைக்க மாடிக்கு வந்தேன். மேல் ரூம் கதவு சாத்தியிருந்தது. "இல்ல மேடம், யாரும் இல்ல" என்று நீ சொன்னாய். நான் இறங்கிப் போயிருக்க வேண்டும். முறத்தை இடுப்பில் வைத்துக்கொண்டு, விரலெல்லாம் பிசுபிசுக்க அங்கேயே நின்றேன். நீ காதில் மாட்டியிருந்ததால் உன் பக்கம் மட்டும்தான் கேட்டது. சின்ன மாமாவைக் கடைசியாகப் பார்த்தது நீ என்று சொன்னாய். அம்மா அதற்கப்புறம் அவர் பேரையே எடுத்ததில்லை என்று சொன்னாய்.

எடுக்கவில்லைதான். ஏன் என்று உனக்குத் தெரியாது. அவனைப் பெங்களூர் நிமான்ஸ் மனநல ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போகலாம் என்று அப்பா 2 தடவை சொன்னார். விடிகாலை பஸ் ஏறினால் மத்தியானத்துக்குள் டாக்டரைப் பார்த்திருக்கலாம். ஊர் என்ன பேசும் என்று தடுத்தது நான். குறி கேட்கக் கூட்டிப்போனதும் நான்தான். உன் தாத்தாமேல் பழியைப் போட்டு இத்தனை வருஷம் ஓட்டிவிட்டேன்.

மனக்கஷ்டம் உள்ளவர்கள் போனில் பேசுவதற்காக 2022 அக்டோபரில் அரசாங்கம் ஆரம்பித்த டெலி மானஸ் நம்பர் 14416-ஐக் காலண்டரில் எழுதி வைத்திருக்கிறேன். ராத்திரி எந்நேரமும், தமிழிலேயே பேசுகிறார்கள். மாமா காலத்தில் அது இல்லை. இருந்திருந்தாலும் அவனை நான் பேச விட்டிருப்பேனா!

நாளைக்கு வியாழக்கிழமை. உன் மேடத்தோடு பேசுவதை நிறுத்திவிடாதே. என்னைப் பற்றி என்ன வேண்டுமானாலும் சொல், நிறுத்திமட்டும் விடாதே. நேரத்துக்குச் சாப்பிடு.

ஆசாரியை வரச்சொல்லி மேல் ரூமுக்கு உள்பக்கம் தாழ்ப்பாள் போட்டிருக்கிறேன். ஊருக்கு வந்தால் நீ பேசுகிற நேரம் நானும் அப்பாவும் தோட்டத்துக்குப் போய்விடுகிறோம்.

அம்மா