எங்கள் தண்ணீர் முறை என்றைக்கு என்று முன்கூட்டியே சொல்லுங்கள்

பாசனச் சானலைத் திறக்கவும் அடைக்கவும் பொறுப்பில் இருக்கும் அதிகாரிகளுக்கு, வணக்கம்.

கும்பப்பூ நெல் சாகுபடியில், சானலின் கடைசியில் கிடக்கும் கடைவரம்பு வயல்கள் பட்ட பாடு உங்களுக்குத் தெரியும். தண்ணீர் போதவில்லை என்று சண்டைக்கு வரவில்லை. பேச்சிப்பாறை அணையில் இருப்பதைத்தானே பங்கு வைக்க முடியும். முறை வைத்தே விடுங்கள். எங்கள் முறை என்றைக்கு என்பதை மட்டும் முன்கூட்டியே சொல்லிவிடுங்கள்.

பயிர் தூர் கட்டும் நேரம். சானலில் தண்ணீர் ஓடுகிறதே என்று நம்பி மேலுரமாக யூரியா போட்டோம். மறுநாளே அடைத்துவிட்டீர்கள். எங்கள் ஏலா, அதாவது வயல்வெளி, முழுக்கக் களிமண். காய்ந்தால் பாளம் பாளமாக வெடிக்கும். வயலில் தண்ணீர் நிற்கும்வரை யூரியாவின் தழைச்சத்து (நைட்ரஜன்) அம்மோனியமாகக் களியோடு ஒட்டிக் கிடக்கும். காய்ந்து காற்றுப் புகுந்தால் நைட்ரேட்டாக மாறும், அதைக் களி பிடித்து வைக்காது. அந்தச் சமயம் பார்த்து, சொல்லாமல் கொள்ளாமல் ராத்திரியில் தண்ணீர் வந்தது. வெடிப்பு வழியாக அந்த நைட்ரேட்டில் ஒரு பங்கு வேருக்குக் கீழே போயிற்று. மீதியில் பெரும்பங்கு, திரும்ப மூழ்கிய சேற்றில் வாயுவாகிக் காற்றோடு போயிருக்கும். அப்புறம் இலை மஞ்சளித்தது, மறுபடியும் உரக்கடை.

45 கிலோ யூரியா மூட்டையில் தழைச்சத்து 20.7 கிலோதான். மானிய விலைதானே என்பீர்கள். யூரியா கேட்டால் வேண்டாத ஒரு பாக்கெட்டையும் தலையில் கட்டுகிறார்களே, அதை யார் கேட்பது? சரி, அது உங்கள் துறை இல்லை. உரத்தை அள்ளிக் கொட்டாதீர்கள் என்று கூட்டம் போட்டு எங்களுக்குப் பாடம் நடத்துகிறவர்களும் உங்கள் துறை இல்லை. வேப்பெண்ணெய் பூசிய யூரியா மெதுவாகத்தான் மாறும் என்கிறார்கள். உண்மைதான். ஆனால் சானல் என்றைக்குத் திறக்கும் என்பது வேப்பெண்ணெய்க்கும் தெரியாதே!

காய்ச்சலும் பாய்ச்சலுமாகத் தண்ணீர் கட்டச் சொல்கிறார்கள். தாராளமாகச் செய்யலாம். மயிரிழை வெடிப்பு விடும்போது அடுத்த தண்ணீர் வந்துவிட வேண்டும், அவ்வளவுதான். பாளம் வெடித்தபின் வருகிற தண்ணீர் உரத்தையும் சேர்த்து இழுத்துக்கொண்டு போகும்.

கொஞ்சம் காரமாக எழுதிவிட்டேன், பொறுத்துக்கொள்ளுங்கள். வரும் கன்னிப்பூ சாகுபடிக்காவது முறை நாட்களைக் கடைவரம்பு ஊர்களில் ஒட்டிவையுங்கள். தேதி மாறினால் ஒரு வாட்ஸ்அப் செய்தி போதும். நாள் தெரிந்தால், வயலை வடித்துச் சேற்றில் உரத்தைப் போட்டு, அடுத்த தண்ணீரை அளவாகக் கட்டிக்கொள்வோம். தயவுசெய்து முறை நாளை முன்கூட்டியே சொல்லுங்கள்.

இப்படிக்கு,
கடைவரம்பு விவசாயி ஒருவர்,
அகஸ்தீஸ்வரம் வட்டம்